இருபது வருடமாக ஒரு பூங்கா நடத்துகிறேன்: ரோலர்கோஸ்டர் டைகூன் அனுபவம்

என் முதல் பூங்காவில் கழிப்பறை கிடையாது. மறந்துவிட்டேன். கையிலிருந்த பணத்தையெல்லாம் ஒரு ரோலர் கோஸ்டரில் கொட்டி, பாதை போட்டு, கேட்டைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். கூட்டம் வந்தது. ஆளுக்கொரு முறை ஏறி இறங்கினார்கள். அப்புறம் எல்லோர் முகமும் வாடத் தொடங்கியது. ஒருவனைச் சொடுக்கிப் பார்த்தால், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவனும் அதையே நினைத்தான். அவ்வளவு பெரிய கோஸ்டர் கட்டிக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்ல ஆளில்லை.

இது 2003-ல், நண்பன் கொடுத்த சிடியில். ரோலர்கோஸ்டர் டைகூன் என்ற பூங்கா கட்டி நடத்தும் கம்ப்யூட்டர் ஆட்டம் வெளிவந்தது 1999-ல். ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் கிட்டத்தட்ட முழுவதையும், கம்ப்யூட்டரின் சொந்தக் கட்டளைகளுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியிலேயே எழுதினார். அதனால்தான் ஆயிரக்கணக்கான பேர் தனித்தனி மனசோடு நடமாடும் ஒரு பூங்கா அந்தக் காலத்து டப்பா கம்ப்யூட்டரிலும் ஓடியது. இரண்டாம் பாகம் 2002-ல் வந்தது. இரண்டையும் சேர்த்து ‘கிளாசிக்’ என்று 2016-ல் போனுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றையும் ஆடியிருக்கிறேன். இடையில் கல்யாணம், வேலை மாற்றம், மகள் என்று எல்லாம் நடந்தது. பூங்கா மட்டும் மூடவில்லை.

முதல் கட்டம் ஃபாரஸ்ட் ஃப்ரன்டியர்ஸ். முதல் வருட அக்டோபர் முடிவில் பூங்காவுக்குள் 250 பேர் இருக்க வேண்டும், பூங்கா மதிப்பெண் 600-க்குக் குறையக் கூடாது. மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் வருடம் முடிந்துவிடுகிறதே என்று ரொம்ப நாள் குழம்பினேன். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பூங்காக்களை மூடிவிடுவார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. நமக்கு மே மாதம்தானே சீசன்!

ஒவ்வொரு சவாரிக்கும் ஆட்டம் மூன்று எண்கள் தருகிறது: எக்சைட்மென்ட், இன்டென்சிட்டி, நாசியா. நான் அவற்றுக்குக் குஷி, கடுமை, குமட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் கடுமையைத்தான் துரத்துவார்கள், நானும் அப்படித்தான். உயரத்திலிருந்து செங்குத்தாக இறக்கி, அதே வேகத்தில் சாய்வில்லாத ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினேன். உடலைப் பக்கவாட்டில் தள்ளும் ஜி விசை எகிறி, கடுமை 10-ஐத் தாண்டியது. 10-ஐத் தாண்டினால் ஆட்டமே குஷியைக் குறைத்துவிடும். வாசல் வரை வருகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், இது நமக்கு ஒத்துவராது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். வளைவைச் சாய்த்துக் கட்டி, இறக்கத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மறுபடி வரிசை நிறைந்தது.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சவாரி பிடிக்காது என்பதையும் ஆட்டம் கணக்கில் வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கடுமை தாங்கும், வயிறு எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியாக எழுதிவைத்திருக்கும். வெறும் குடை ராட்டினத்திலேயே நாள் முழுக்கச் சுற்றும் ஆட்களும் காசு கொடுப்பவர்கள்தான். அவர்களை மறந்த பூங்காவில் கோஸ்டர் எத்தனை இருந்தாலும் பாதி கூட்டம் சும்மா நடந்துகொண்டிருக்கும்.

இத்தனை வருடத்தில் நான் அதிக நேரம் பார்த்தது கோஸ்டரை அல்ல, ஒவ்வொரு சவாரிக்கும் இருக்கும் வாடிக்கையாளர் பக்கத்தை. அதில் பிரபலம் இத்தனை சதவீதம், திருப்தி இத்தனை சதவீதம் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறார்கள் என்பதும் இருக்கும். பிரபலம் உச்சத்தில், திருப்தி பாதாளத்தில் என்று ஒரு சவாரி இருந்தால் கைவைக்க வேண்டியது தண்டவாளத்தில் அல்ல, வரிசையில். இறங்கி வருபவரின் திருப்தியைக் கணக்கிடும்போது, கொடுத்த காசுக்குத் தகுந்ததா, அவர் ருசிக்கேற்ற கடுமையா, வயிற்றைப் புரட்டியதா என்பவற்றோடு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் ஆட்டம் சேர்த்துக்கொள்கிறது.

வரிசையைக் குறைக்க ஒரு எளிய கணக்கு போதும். ஒரு ரயிலில் 24 இருக்கை, நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 1440 பேர். முதல் ரயில் வந்து நிற்கும்வரை இரண்டாவது கிளம்பாமல் காத்திருந்தால் இது குறையும். ‘ரயில் நிறையும் வரை நிற்க’ என்பதை மட்டும் போட்டுவிட்டு அதிகபட்சக் காத்திருப்பு நேரத்தை மறந்தால், கூட்டமில்லாத நேரத்தில் ஏறியவர்களெல்லாம் இருக்கையில் சிறைப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். நிஜப் பூங்காக்களைத் திட்டமிடுபவர்களும் இந்த மணிக்கணக்கைப் போடுகிறார்கள்.

நான் தற்செயலாகக் கண்டுபிடித்த இன்னொரு வழி, வரிசைப் பாதையின் நீளத்தையே வெட்டுவது. இடம் இருந்தால்தானே நிற்பார்கள்? வரிசை நிறைந்திருந்தால் வேறு பக்கம் போய்விடுவார்கள், எரிச்சலும் இல்லை. போகிற வழியில் ஒரு பர்கரும் வாங்குவார்கள். சேரவே முடியாத வரிசையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை என்பது கொஞ்சம் தந்திரம்தான், ஆனால் வேலை செய்கிறது.

மற்றதெல்லாம் வீட்டு வேலை மாதிரி. துப்புரவுப் பணியாளர் புல் வெட்டப் போய்விடாமல் அந்த வேலையை அணைத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் வாந்தி பாதையிலேயே கிடக்கும், அவர் புல்வெளியில் இருப்பார். சவாரி முடிந்து வெளியே வரும் இடத்தில் பெஞ்ச் போட வேண்டும். மெக்கானிக்கின் சோதனை இடைவெளியை 30 நிமிடத்திலிருந்து 10-க்கு மாற்ற வேண்டும்.

ஆட்டத்தில் சில நேரம் ‘மரத்தின் உயரத்துக்கு மேல் கட்ட உள்ளூர் நிர்வாகம் அனுமதிக்காது’ என்று ஒரு தடை வரும். கற்பனை என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நிஜமாகவே இந்தக் கட்டுப்பாடு உண்டு. 1994-ல் திறந்த நெமிசிஸ் கோஸ்டரை மேலே கொண்டுபோக முடியாமல் தரையைத் தோண்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். அந்தக் கோஸ்டரை உருவாக்கியதில் முக்கியமானவரான ஜான் வார்ட்லியின் பெயரை ஆட்டத்தில் ஒரு விருந்தினருக்கு வைத்தால், அவர் சவாரிகளைப் பார்த்து ‘ஆஹா’ என்று நினைப்பார். செய்து பாருங்கள்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு பாகங்களிலும் எல்லோரும் தனித்தனியாகத்தான் வருவார்கள். குடும்பமே கிடையாது. நம் ஊரில் யார் தனியாகப் பூங்காவுக்குப் போகிறார்கள்? வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் போவோம். அதில் ஒரு பாட்டி எதிலும் ஏறாமல் எல்லோர் பையையும் மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார். அவர் கால் வலிக்கிறது என்றால் பன்னிரண்டு பேருக்கும் நாள் முடிந்தது. இந்தக் கணக்கு ஆட்டத்தில் இல்லை. 2004-ல் வந்த மூன்றாம் பாகத்தில் கூட்டமாக வருவார்கள், ஆனால் அதன் முப்பரிமாணக் காட்சி எனக்கு ஒட்டவில்லை.

ஆட்டத்தின் திருப்திக் கணக்கையும் ஏமாற்றலாம். மழை பெய்யும்போது குடை விலையை எவ்வளவு ஏற்றினாலும் வாங்குவார்கள், திட்ட மாட்டார்கள். இதை வைத்தே ஒரு கட்டத்தில் ஜெயித்திருக்கிறேன், பெருமையாக இல்லை.

ஆனால் நிஜத்தோடு ஒப்பிட்டால் ஆட்டமே தேவலை. போன கோடையில் ஒரு பூங்காவுக்குப் போனோம், பெயர் வேண்டாம். ஒரு தண்ணீர்ச் சவாரிக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். வெளியே வரும்போது வாசலில் ஒரு பலகை, சிரிக்கும் முகம், சுமாரான முகம், அழும் முகம், ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், பின்னால் கூட்டம் தள்ளியது. கைக்கு எட்டியது சிரிக்கும் முகம். அழுத்திவிட்டு வந்துவிட்டேன். அந்த மாத அறிக்கையில் நான் ஒரு திருப்தியான வாடிக்கையாளர். தலைக்குள் இருப்பதைப் படித்து, ‘இத்தனை பேர் இதே எண்ணத்தில் இருக்கிறார்கள்’ என்று தொகுத்துக் காட்டும் ஆட்டத்தின் ஜன்னல் அந்த வாசலில் இருந்திருக்க வேண்டும்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: போனில் என்றால் கிளாசிக் போதும், ஆனால் என் கட்டை விரலுக்குத் திரையில் இருக்கும் சதுரங்கள் சின்னவை. கம்ப்யூட்டர் இருந்தால் பழைய இரண்டாம் பாகத்தை வாங்கி, அதன் மேல் ஓபன்ஆர்சிடி2 போட்டுக்கொள்ளுங்கள். ஆர்வலர்கள் 2014-லிருந்து இலவசமாக எழுதிவருவது, நேரத்தை வேகமாக ஓட்டலாம், நண்பர்களோடு சேர்ந்தும் கட்டலாம். 2016-ல் வந்த பிளானட் கோஸ்டர் என்ற இன்னொரு பூங்கா ஆட்டம் கண்ணுக்கு விருந்து, அதில் நான் அலங்காரம் மட்டுமே செய்துகொண்டிருந்தேன். பார்க்கிடெக்ட் என்ற ஆட்டத்தில் கடைக்குச் சரக்கு தூக்கிப் போகும் ஊழியர்களை வருபவர்களின் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது வீட்டில் பூங்கா மகள் கையில். நுழைவு இலவசம், குடையும் இலவசம். மதிப்பெண் 900-க்கு மேல், கடனும் அதற்கேற்ப. ஒரு விருந்தினருக்குப் பாட்டியின் பெயர் வைத்திருக்கிறாள். நேற்று அந்தப் பாட்டி வாசலுக்கு வழி தெரியாமல் ஒரே பாதையில் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் அவரைத் தூக்கி கேட் பக்கத்தில் இறக்கிவிட்டாள். பாட்டி ஒரு நிமிடம் நின்றார், அப்புறம் திரும்பிக் குடை ராட்டினத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.