இலையைப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் கடைக்காரரிடம் ஜாக்கிரதை

எலுமிச்சைக் கன்றுகள் நட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. கொழுந்து இலைகள் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தன. சிலவற்றில் நடுநரம்புதான் மிச்சம். நாலைந்து இலைகளைக் கவரில் போட்டுக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கவரைப் பிரிக்கவே இல்லை. "இலைக்கருகல் சார், இப்போ எல்லாருக்கும் இதுதான்" என்றவர் ஒரு பூஞ்சைக்கொல்லிப் பொடி, ஒரு டானிக், லேபிளே இல்லாத பாட்டிலில் ஏதோ ஒரு திரவம் என மூன்றை எடுத்து வைத்தார். மூன்றையும் கலந்து அடிக்கணுமாம். அளவு? "ஒரு மூடி." எந்த மூடி என்று நான் கேட்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை. என் தப்புதான்.

கருகல் நோயில் இலையில் புள்ளி விழும், காயும். இப்படி ஓரத்திலிருந்து கடித்துத் தின்ற மாதிரி இருக்காது. இது பிறகுதான் உறைத்தது.

அடித்த இரண்டாம் நாள் மிச்சமிருந்த தளிரும் தீய்ந்துபோனது. மூன்றில் எது தீய்த்தது என்று இன்றுவரை தெரியாது. பிறகு டானிக் புண்ணியத்தில் புதுக்கொழுந்து தள்ளியது. சரி, பிழைத்தது என்று நினைத்தேன். அதுவும் காணாமல் போக ஆரம்பித்தது.

ஒருநாள் இலைமேல் கிடந்த பறவை எச்சத்தைக் குச்சியால் தள்ளப் போனேன். எச்சம் தலையைத் தூக்கி ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக்கொம்பை நீட்டியது! குப்பென்று ஒரு நெடி. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் எச்சம் போலவே இருக்கும், கடைசியில் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். தாய்ப்பூச்சி தேடி வந்து முட்டையிடுவது இளங்கொழுந்தில்தான். டானிக் ஊற்றி நானே பந்தி விரித்திருக்கிறேன்.

அப்புறம் தினமும் காலையில் கொழுந்துகளைப் புரட்டி, புழுவையும் உருண்டையான சிறு முட்டைகளையும் கையால் எடுத்தேன். கன்று உயரத்துக்கு அதுவே போதும். தப்பிய குட்டிப் புழுக்களுக்கு பி.டி. என்ற பாக்டீரியா மருந்தை, லேபிளில் இருந்த அளவில், சாயங்காலம் அடித்தேன். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். புழு அதைத் தின்றால்தான் சாகும் என்பதால் இலையின் இரு பக்கமும் நனைய வேண்டும்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அடுத்த தடவைக்கு ஆகும், வச்சுக்குங்க" என்றார். பாட்டில் இன்னும் ஷெட்டில்தான் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாததால் எப்படி அழிப்பது என்றும் தெரியவில்லை.