விண்டோஸ் அனுமதிப் பெட்டி: ஸ்லைடரின் நான்கு படிகளும் அதற்கு வெளியே உள்ள வழியும்

புதிய மென்பொருள் ஒன்றை நிறுவத் தொடங்கியதும் திரை முழுவதும் மங்கி, நடுவில் ஒரு பெட்டி தோன்றி, கணினியில் மாற்றம் செய்ய இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா என்று கேட்பதை விண்டோஸ் பயன்படுத்துவோர் அனைவரும் பார்த்திருப்பார்கள். யுஏசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பயனர் கணக்குக் கட்டுப்பாடு, 2007இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுடன் அறிமுகமானது. தொட்டதற்கெல்லாம் விஸ்டா அனுமதி கேட்டதால் சலிப்படைந்த பலர் அதை அடியோடு அணைத்துவிட்டார்கள். அதன் பிறகு 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7, எப்போதெல்லாம் அனுமதி கேட்க வேண்டும் என்று நாமே மேலும் கீழும் நகர்த்தித் தீர்மானிக்க, நான்கு படிகள் கொண்ட ஒரு ஸ்லைடரைத் தந்தது. விண்டோஸ் 11 வரை அதே ஸ்லைடர்தான் தொடர்கிறது. எந்தப் படியில் அதை நிறுத்துவது என்று பலரும் கேட்கிறார்கள்.

படிகளை ஒப்பிடுவதற்கு முன், திரைக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கணினியை நிர்வகிக்கும் உரிமை உள்ள அட்மின் கணக்கில் ஒருவர் நுழையும்போது, விண்டோஸ் அவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகளைத் தயாரிக்கிறது. ஒன்றில் முழு அதிகாரம் இருக்கும். மற்றொன்றில் முக்கிய அதிகாரங்கள் நீக்கப்பட்டிருக்கும். பிரவுசர் முதல் நாம் அன்றாடம் திறக்கும் பெரும்பாலான செயலிகள் இரண்டாவது சீட்டிலேயே இயங்குகின்றன. பெட்டியில் 'ஆம்' என்று அழுத்தினால், கேட்ட அந்த ஒரு செயலிக்கு மட்டும் முதல் சீட்டு கொடுக்கப்படுகிறது.

ஸ்லைடரின் உச்சிப் படி, செயலிகள் கணினியில் மாற்றம் செய்ய முயலும்போதும், நாமே விண்டோஸின் அமைப்புகளை மாற்றும்போதும் கேட்கும். விண்டோஸ் இயல்பாக வைத்திருக்கும் இரண்டாவது படியோ, விண்டோஸுடன் வரும் சில கருவிகளுக்குக் கேட்காமலேயே முழு அதிகாரத்தைக் கொடுத்துவிடும். இது சிறிய சலுகையாகத் தோன்றினாலும், தீய நிரல்கள் நுழையும் சந்து இதுதான்: நம்பகமான விண்டோஸ் கருவி ஒன்றைத் தமக்காக வேலை செய்யவைத்துவிட்டால், பெட்டி தோன்றாமலேயே அவை அதிகாரம் பெற்றுவிடுகின்றன. விண்டோஸ் 7 சோதனைப் பதிப்பாக இருந்த 2009இன் தொடக்கத்திலேயே, விசை அழுத்தங்களைப் போலியாக அனுப்பும் ஒரு சிறு நிரலைக் கொண்டு, பயனருக்குத் தெரியாமல் இந்த ஸ்லைடரையே கீழே இறக்க முடியும் என்று லாங் ஜெங், ரஃபேல் ரிவேரா ஆகிய இரு தொழில்நுட்ப வலைப்பதிவர்கள் காட்டினார்கள். முதலில் அது குறையே அல்ல என்ற மைக்ரோசாஃப்ட், பிறகு ஸ்லைடரை மாற்றுவதற்கும் அனுமதி கேட்கும்படி திருத்தியது. அந்த ஓட்டை அடைபட்டாலும், தானாக அதிகாரம் தரும் ஏற்பாடு நீடிக்கிறது. சாதன மேலாளரைத் திறக்கும்போதும் வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கருவியைத் தொடும்போதும் கூடுதலாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் உச்சிப் படிக்கு நாம் கொடுக்கும் விலை. வீட்டில் அந்த வேலைகள் எப்போதாவதுதான் வருகின்றன என்பதால், உச்சிப் படியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது படி இரண்டாவதைப் போலவே கேட்கும். ஆனால் திரை மங்காது. மங்குவது அலங்காரம் என்று எண்ணிப் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில், திரை மங்கும்போது விண்டோஸ் நம்மைத் தனியான ஒரு பாதுகாப்புத் திரைக்கு மாற்றிவிடுகிறது. சாதாரணச் செயலிகள் அங்கே நுழைய முடியாது, பெட்டியின்மேல் வேறொன்றை வரைந்து ஏமாற்றவும் முடியாது. திரை மங்குவதற்கு அதிக நேரம் எடுக்கும் கணினிகளுக்கு மட்டுமே இந்தப் படி என்று ஸ்லைடரின் அருகிலேயே எழுதியிருக்கிறது. வெளியூரிலிருந்து பெற்றோரின் கணினியைத் தொலைவழியில் சரிசெய்யும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புத் திரை பல நேரங்களில் கருப்பாகத் தெரியும் என்பது உண்மையான தொல்லைதான். அதற்காகப் படியை நிரந்தரமாக இறக்குவதைவிட, அந்த ஒரு நிமிடத்தில் பெட்டியில் எழுதியிருப்பதை அப்பாவையோ அம்மாவையோ வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, பிறகு அவர்களையே 'ஆம்' அழுத்தச் சொல்லலாம்.

நான்காவதான அடிப்படி பற்றிச் சொல்ல என் அனுபவம் ஒன்று இருக்கிறது. பெரியப்பா வீட்டுக் கணினியில் பழைய பில் போடும் மென்பொருள் ஒன்று, திறக்கும்போதெல்லாம் அனுமதி கேட்டது. பழுதுபார்க்க வந்தவர் ஸ்லைடரை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிட்டுப் போய்விட்டார். விண்டோஸ் 8 முதல், அடிப்படியிலும் இரண்டு சீட்டுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அட்மின் கணக்கில் எந்தச் செயலி முழு அதிகாரம் கேட்டாலும் அது பேச்சில்லாமல் கிடைத்துவிடும். நான் பார்த்தபோது உண்மைக் காரணம் வேறாக இருந்தது. அந்த மென்பொருள் தன் தரவுக் கோப்பை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுத முயன்றது. அது முடியாததால் எப்போதோ யாரோ அதன் ஐகானில் 'எப்போதும் அட்மினாக இயக்கு' என்ற தெரிவைப் போட்டிருந்தார்கள். அதை டி டிரைவில் தனிக் கோப்புறையில் மறுபடி நிறுவி, அந்தத் தெரிவை எடுத்துவிட்டதும் கேள்வி நின்றது. ஒரு மென்பொருளின் குறைக்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

இந்த நான்கையும்விட வலுவான வழி ஸ்லைடருக்கு வெளியே இருக்கிறது. அன்றாடம் பயன்படுத்தும் கணக்கைச் சாதாரணக் கணக்காக்கி, அட்மின் கணக்கைத் தனியே வைத்துக்கொள்வதே அது. சாதாரணக் கணக்கில் முழு அதிகாரச் சீட்டு உருவாவதே இல்லை. தானாக அதிகாரம் பெறும் சலுகையும் இல்லை. பெட்டி 'ஆம், இல்லை' என்று மட்டும் கேட்காமல், 'ஆம்' சொல்வதற்கு அட்மின் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்கும். இதைச் செய்யும் வரிசை முக்கியம்: முதலில் புதிய அட்மின் கணக்கை உருவாக்கி, அதற்குள் ஒருமுறை நுழைந்து கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்த பிறகே, பழைய கணக்கைச் சாதாரணமாக மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பழைய கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்லைடரை மட்டும் அடிப்படியில் விட்டுவிடக் கூடாது; அங்கே சாதாரணக் கணக்கின் கோரிக்கைகள் கேள்வியின்றி மறுக்கப்பட்டுவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. நம் புகைப்படங்களையும் ஆவணங்களையும் மாற்றுவதற்கு எந்தச் செயலிக்கும் அட்மின் அதிகாரம் தேவையில்லை. ஆகவே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரலை எந்தப் படியும் முழுமையாகத் தடுக்காது. அதற்குத் தனியே எடுத்துவைக்கும் நகல்தான் மருந்து.

பெரியப்பா வீட்டில் இப்போது ஸ்லைடர் உச்சியில் இருக்கிறது; தங்கை சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துகிறாள். சென்ற மாதம் அவள் தொலைபேசியில் அழைத்து, வழக்கமான நீலத்துக்குப் பதிலாகப் பெட்டி மஞ்சளாக வந்திருக்கிறது, வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். கூடுதல் விவரங்களை அழுத்தி, கோப்பு எங்கே இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். அவள் பதிவிறக்க நினைத்தது ஒரு பாடப் புத்தகத்தின் பிடிஎஃப். டவுன்லோட்ஸ் கோப்புறையில் வந்து இறங்கியிருந்ததோ நிறுவும் நிரல். 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு, கோப்பையும் அழித்தாள்.