பார்தே, பார்தி: பிரெஞ்சின் இரண்டு இறந்தகாலங்கள்

'கான் ஜெ சுயி அரிவே, இல் பார்தே.' 'கான் ஜெ சுயி அரிவே, இல் ஏ பார்தி.' இரண்டிலும் நான் போய்ச் சேர்கிறேன், அவர் கிளம்புகிறார். முதல் வாக்கியத்தில் நான் போனபோது அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்; வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார், இரண்டு வார்த்தை பேசிவிடலாம். இரண்டாவதில் நான் போனதும் அவர் கிளம்பிவிட்டார். எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்றுகூடக் கேட்பவர் நினைக்கலாம். முன்னது அம்பார்ஃபே, பின்னது பாஸே கொம்போஸே. இந்த இரண்டில் எது எங்கே என்ற குழப்பத்துக்குப் பாதிக் காரணம், நாம் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான் என்பது என் திடமான நம்பிக்கை. தமிழ் வழியாகப் போனால் பாதை இன்னும் நேராக இருக்கிறது.

முதலில் வடிவம். இதில் அம்பார்ஃபே மிகவும் சுலபம். நிகழ்காலத்தின் 'நூ' (நாங்கள்) வடிவத்தை எடுத்து, கடைசி 'ஓன்'-ஐ வெட்டிவிட்டு விகுதியை ஒட்ட வேண்டியதுதான். 'நூ புவோன்' என்றால் குடிக்கிறோம். அதிலிருந்து ஜெ புவே, நூ புவியோன், வூ புவியே. 'நூ ஃபினிசோன்' என்பதிலிருந்து ஜெ ஃபினிசே. 'இரு' என்று பொருள்படும் எத்ர் மட்டும் அடங்காது. அதன் 'நூ' வடிவம் 'சொம்', வெட்டுவதற்கு அதில் 'ஓன்' இல்லை. ஆகவே ஜேத்தே, இல் ஏத்தே என்று தனியாக வரும். நான், நீ, அவர், அவர்கள் ஆகிய நான்குக்கும் எழுத்தில் விகுதி மாறினாலும் காதில் விழும் ஒலி ஒன்றே. (இந்த விகுதிகளை ஒரு காலத்தில் 'ஆ-இ'க்குப் பதில் 'ஓ-இ' என்று எழுதினார்கள். பிரெஞ்சு அகாதெமி 1835-ஆம் ஆண்டு அகராதியில்தான் புதிய எழுத்தை ஏற்றது. பழைய புத்தகம் புரட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் மிரள வேண்டியிருக்காது.)

பாஸே கொம்போஸேயில் வேலை அதிகம். துணைவினை 'வைத்திரு' என்று பொருள்படும் அவ்வாரா, எத்ரா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். அதோடு சேரும் பூ, வூ, ப்ரீ, ஃபே, மோர் போன்ற எச்ச வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அப்புறம் எத்ர் வந்தால் ஆண்பால், பெண்பால், பன்மைக்கு ஏற்ப எழுத்தைத் திருத்த வேண்டும். ஆனாலும் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்லித்தருகின்றன. நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல இதுதானே வேண்டும்!

காதுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'ஜே பார்லே' என்றால் பேசினேன். 'ஜெ பார்லே' என்றால் பேசிக்கொண்டிருந்தேன், அல்லது அந்த நாட்களில் பேசுவேன். முடிவில் வரும் இரண்டு 'லே'யும் ஒன்றல்ல, அம்பார்ஃபேக்கு வாய் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். தென் பிரான்சில் அந்த வித்தியாசத்தையும் காட்டமாட்டார்கள். அங்கே ஜெயா ஜேயா என்பதைப் பிடித்தால்தான் காலம் புரியும். குறில் நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு அது முடியாத காரியமில்லை.

இனிப் பயன்பாடு. 'நீண்ட நேரம் நடந்தால் அம்பார்ஃபே, சட்டென்று முடிந்தால் பாஸே கொம்போஸே' என்று பலர் மனதில் ஒரு சூத்திரம் பதிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். 'ஜே அபித்தே திஸான் ஆ லியோன்': லியோனில் பத்து வருடம் வசித்தேன். பத்து வருடம் என்று எண்ணி மூடிவிட்டதால் இது பாஸே கொம்போஸே. நாள் முழுக்க மழை பெய்தது என்றாலும் 'இல் ஆ ப்லூ'தான். நான் வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது என்றால்தான் 'இல் ப்லெவே'. நீளம் இங்கே பேச்சே இல்லை. கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

சரி, தமிழ் எங்கே உதவுகிறது? பாட்டி வீட்டைப் பற்றி யாரையாவது பேசச் சொல்லிக் கேளுங்கள். 'லீவு விட்டதும் அங்கே போவோம். வாசலில் ஒரு புளியமரம் இருக்கும். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.' போவோம், இருக்கும், உட்கார்ந்திருப்பார்: வடிவம் எதிர்காலம், நடந்ததோ என்றைக்கோ. இந்தப் பேச்சை அப்படியே பிரெஞ்சில் சொன்னால் ஒவ்வொரு வினையும் அம்பார்ஃபே ஆகும். 'கொண்டிருந்தேன்' மட்டுமே அம்பார்ஃபே என்று நினைப்பவர்கள் இந்தப் பெரிய பங்கைத் தவறவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், 'விட்டேன்' சேர்க்க முடிந்தால் அநேகமாக பாஸே கொம்போஸே. பயமாக இருந்தது: 'ஜாவே பர்'. பயந்துவிட்டேன்: 'ஜே ஊ பர்'. எனக்கு அப்போதே தெரியும்: 'ஜெ சவே'. தெரிய வந்தது: 'ஜே சூ'.

'இருந்தது' விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் 'நன்றாக இருந்தது' என்பதை 'சேத்தே பியேன்' என்று அம்பார்ஃபேயில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் மூன்று மணி நேரம் இங்கே இருந்தார் என்று கணக்குச் சொன்னால் 'இல் ஏ ரெஸ்தே' என்று மாறிவிடும்.

அம்பார்ஃபேக்குப் போட்டியே இல்லாத இடங்களும் உண்டு. 'சி ஓன் அலே ஓ சினெமா?' என்றால் சினிமாவுக்குப் போனால் என்ன? பிரெஞ்சுக்காரர்களும் நாமும் இன்னும் நடக்காத ஒன்றைச் சொல்ல இறந்தகாலத்தை எடுக்கிறோம். நம் 'போனால்' 'போன' என்ற அடியிலிருந்துதானே வருகிறது. பணிவிலும் அப்படியே. 'ஜெ வூலே வூ தெமாந்தே' என்பது நம் 'உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்றிருந்தேன்'. இங்கே பாஸே கொம்போஸே போட்டால் கேட்க முயன்ற கதையைச் சொல்வதாக ஆகிவிடும்.

நாவல்களில் அம்பார்ஃபேயின் ஜோடி பாஸே சேம்ப்ல் என்ற இன்னொரு இறந்தகாலம். அன்றாடப் பேச்சில் அது வராது, படித்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

கடைசியாக, விதியை மீறுவதுபோல் தோன்றும் ஒரு வழக்கு. 1821 மே 5-இல் நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். தேதி இருக்கிறது, இறப்போ ஒருமுறைதான், கதவு நன்றாகவே மூடிவிட்டது. இருந்தும் பத்திரிகை நடையில் 'லெ ஸேங்க் மே 1821 மூரே நபோலியோன்' என்று அம்பார்ஃபேயில் எழுதுவார்கள். முடிந்துபோன மரணத்தை வாசகரின் கண்முன்னே நிகழவைக்கிற உத்தி அது. பேச்சில் இதைப் போடாதீர்கள். அங்கே 'இல் ஏ மோர்'.