மூடிலா, கூகுள் கிளாஸ்ரூமா? திருத்தப்போவது யார் என்று பாருங்கள்

வகுப்பறையிலும் இணையத்திலுமாகப் பாடம் நடத்தும் கலப்புக் கற்றலுக்கு எந்தத் தளம் என்ற பேச்சு எடுத்தாலே வசதிப் பட்டியல்கள் நீள ஆரம்பித்துவிடும். வீடியோ இணைப்பது, அறிவிப்பு போடுவது, மதிப்பெண் பதிவது எல்லாம் 2002-இல் வெளியான மூடிலிலும் உண்டு, 2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமிலும் உண்டு. இரண்டும் பிரிகிற இடம் வேறு. மாணவர் வகுப்புக்கு வெளியே செய்வதைக் கணினி திருத்தினால் போதும் என்றால் மூடில். நீங்களே உட்கார்ந்து வரிக்கு வரி குறிப்பு எழுதப்போகிறீர்கள் என்றால் கிளாஸ்ரூம்.

மூடிலின் உயிர் அதன் வினா வங்கி. ஒரு அலகுக்கு 40 கேள்வி எழுதி ஒரே பிரிவில் போட்டுவைத்தால், ஒவ்வொரு முயற்சிக்கும் அதிலிருந்து 10 கேள்வியை அதுவே பொறுக்கித் தரும். நண்பரின் விடைத்தாளைப் பார்த்து எழுதுவது அவ்வளவாகப் பலிக்காது. கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிவத்தில் தட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கிஃப்ட் என்ற வடிவத்தில் சாதாரண உரைக் கோப்பாக எழுதி மொத்தமாக உள்ளே ஏற்றலாம்:

25 பாகை செல்சியஸில் அமிலக் கரைசலின் பிஎச் மதிப்பு எவ்வளவு? { =7-க்குக் கீழ் ~சரியாக 7 #அது நடுநிலைக் கரைசல் ~7-க்கு மேல் #அது காரக் கரைசல் }

= வந்தால் சரியான விடை, ~ வந்தால் தவறான விடை. #-க்குப் பின்னால் இருப்பது அந்த விடையைத் தேர்ந்தவருக்குக் காட்டும் விளக்கம். இந்த விளக்கத்தை எழுதாமல் விட்டால் தேர்வு வெறும் மதிப்பெண் இயந்திரமாகிவிடும். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாக வந்து விழும். சமன்பாடு உள்ள கேள்வியில் = வரும்போது அதற்கு முன்னால் \ போட வேண்டும். போடாவிட்டால் மூடில் அதை விடைக் குறியாக எடுத்துக்கொண்டு இறக்குமதியைக் குழப்பும்.

இதைவிடப் பெரிய சறுக்கல், விடைகளை எப்போது காட்டுவது என்ற அமைப்பில் நேர்கிறது. தேர்வு இன்னும் திறந்திருக்கும்போதே சரியான விடை தெரியும்படி விட்டால், முதலில் முடித்தவரின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) அடுத்த அரை மணியில் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும். விளக்கத்தை உடனே காட்டுங்கள். சரியான விடையைத் தேர்வு மூடிய பிறகு காட்டுங்கள்.

மூடில் மென்பொருள் இலவசம் என்பது பாதி உண்மை. சர்வர், காப்புநகல், மேம்படுத்தல் எல்லாவற்றையும் பார்க்க ஒருவர் வேண்டும். பின்னணி வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்க நிமிடத்துக்கொரு முறை ஓட வேண்டிய கிரான் என்ற நிரல் நின்றுபோனால், நேரம் முடிந்தும் சமர்ப்பிக்காமல் வெளியேறியவர்களின் தேர்வு மூடப்படாமல் தொங்கும்.

கிளாஸ்ரூமில் இந்தப் பராமரிப்புத் தொல்லை இல்லை. அதன் பலம் எழுத்துப் பணி. மாதிரிக் கோப்பை இணைக்கும்போது ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்பதைத் தேர்ந்தால், ஆளுக்கொரு ஆவணம் தானாக உருவாகும். திருத்த வரலாற்றைத் திறந்தால் கட்டுரை மூன்று நாளில் வளர்ந்ததா, கடைசி இரவில் ஒரே ஒட்டாக வந்து விழுந்ததா என்று தெரிந்துவிடும். தவறுதலாக ‘மாணவர்கள் திருத்தலாம்’ என்பதைத் தேர்ந்தால் மொத்த வகுப்பும் ஒரே கோப்பில் எழுதி ஒருவரையொருவர் அழிக்கும். பணியை வெளியிட்ட பிறகு இதை நகலாக மாற்ற வழியில்லை. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பதிந்தால் மட்டும் மாணவருக்குத் தெரியாது, ‘திருப்பியனுப்பு’ அழுத்த வேண்டும். ‘மார்க் வரவில்லை’ என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான்.

தேர்வுக்கு இங்கே கூகுள் ஃபார்ம்ஸ்தான் கை கொடுக்கும். கேள்விகளின் வரிசையைக் கலைக்கும், ஆனால் 40-இல் 10 என்று பொறுக்கித் தராது. வாராந்திரத் தேர்வுக்கு இது போதாது.

இணையம் விட்டு விட்டு வரும் மாணவர்களுக்கு மூடில் செயலி ஒரு படி மேல். பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்தால் தேர்வையும் இணையமின்றி எழுதலாம். ஆனால் அந்தத் தேர்வுக்கு நேர வரம்பு வைக்க முடியாது.

இரண்டையும் ஒரே பாடத்துக்கு வைத்துக்கொள்வது நல்ல யோசனை போலத் தோன்றும். கெடு தேதிகள் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை மாணவர் கட்டாயம் தவறவிடுவார். அப்படியே வேண்டுமென்றால் மூடிலை மட்டும் வாசலாக வைத்து, எழுத்துப் பணியின் ஆவண இணைப்பை அதற்குள் கொடுங்கள்.

120 பேர் உள்ள முதலாண்டு வகுப்பில் ஆளுக்கு 5 நிமிடம் திருத்தினாலே 10 மணி நேரம். அங்கே மூடிலுக்குக் கேள்வி எழுதச் செலவிடும் நேரம் இரண்டாவது பருவத்திலேயே திரும்பிவிடும். 20 பேர் ஆய்வுக் கட்டுரை எழுதும் முதுகலை வகுப்புக்கு அந்த உழைப்பு தேவையில்லை, கிளாஸ்ரூமே போதும்.