மக்னமா, கஸ்கேடா, சாட்ஸா? எப்ப போடப் போறாய் எண்டு முதல்ல சொல்லு

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன், தவறணையில் கள்ளுப் பிளாவோடு இருந்தபடி கேட்டான்: "மாமா, பியர் காய்ச்சப் பழகிறன். மக்னம், கஸ்கேட், சாட்ஸ், இந்த மூண்டு ஹொப்ஸில எதை வாங்கிறது?"

நானும் அங்கே ஒன்பது வருடம் வீட்டில் காய்ச்சிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். இங்கே அந்த வேலை இல்லை. உரிமம் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் மதுவரித் திணைக்களத்தார் வாசலில் நிற்பார்கள். கதைக்க உரிமம் தேவையில்லைதானே.

"எப்ப போடப் போறாய் எண்டு முதல்ல சொல்லு, எதை எண்டு பிறகு பாப்பம்."

ஹொப்ஸ் எண்டால், பியரில் போடுகிற ஒரு கொடியின் பெண்பூ. அதற்குள் இருக்கும் மஞ்சள் தூளில் கசப்புக்கு ஆல்ஃபா அமிலமும் வாசத்துக்கு எண்ணெயும் இருக்கின்றன. அமிலம் நெடுநேரம் கொதித்து உருமாறினால்தான் கரைந்து கசக்கும். எண்ணெயோ கொதித்தால் ஆவியோடு போய்விடும். கறி இறக்கும்போது பெருஞ்சீரகத்தூள் தூவுகிற அதே கணக்கு.

முதலில் கசப்பு. 20 லீற்றர் பார்லி மால்ட் சாறு, 1.050 அடர்த்தி, 60 நிமிடக் கொதி என்று வைத்து, 30 ஐ.பி.யு. (பியரின் கசப்பை அளக்கிற அலகு) கசப்புக்கு டின்செத் சூத்திரத்தில் கணக்குப் பார்த்தேன். 13 சதவீத அமிலமுள்ள மக்னம் 20 கிராம் போதும். 6 சதவீதக் கஸ்கேட் என்றால் 43 கிராம். 3.5 சதவீதச் சாட்ஸ் என்றால் 74 கிராம்! அதன் வாசமெல்லாம் ஒரு மணித்தியாலக் கொதியில் போய்விடும். சந்தனக் கட்டையை அடுப்பெரிக்கிற வேலை. பத்தாததற்கு, அவ்வளவு பூவும் குடித்தது போக மிச்சப் பியர்தான் நமக்கு. கசப்புக்கு மக்னம்; இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

வாசத்தில்தான் சண்டை. கஸ்கேட் 1972இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தேசிக்காய்க்கும் தோடம்பழத் தோலுக்கும் நடுவில் ஒரு வாசம். சாட்ஸ் செக் நாட்டுப் பழைய இனம். மூலிகையும் மெல்லிய மிளகும், பில்ஸ்னர் பியரின் மணம். எனக்குச் சாட்ஸ்தான் பிடிக்கும். ஆனால் அதற்குப் பொருத்தமான லாகர் வகைப் பியரை 10, 12 பாகை செல்சியஸில் புளிக்க வைத்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் வைத்திருக்க வேண்டும். முதல் தடவை காய்ச்சுகிறவனுக்கு அந்தப் பொறுமை வராது. கஸ்கேட் போட்ட ஏல் வகைப் பியர், 20 பாகை வீட்டுச் சூட்டிலேயே சரிவரும்.

இனி நேரம். கடைசி 15 நிமிடத்தில் போட்டால் கசப்புப் பாதிதான் வரும், வாசமும் நிறையப் போய்விடும். ஆற்றிலொரு கால் சேற்றிலொரு கால், எனக்குப் பிடிக்காது. கடைசி 5 நிமிடத்தில் போட்டால் கசப்பு ஐந்திலொன்று, வாசம் ஓரளவு தங்கும். அடுப்பை அணைத்து 80 பாகைக்கு ஆறவிட்டுப் போடுவது இன்னும் நல்லது. புளித்து முடிந்த பிறகு மூன்று நாலு நாள் ஊறப்போட்டால் வாசம் மூக்கைத் துளைக்கும். ஆனால் மூடியைத் திறக்கும்போது காற்றுப் பட்டால் பியர் கெடும். முதல் தடவைக்கு வேண்டாம்.

சீவல்கார அண்ணர் சிரித்தார். "முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாட்டில் கள்ளு. எங்களுக்கும் எதை எப்ப போடுறதெண்டதுதானே தொழில்." பால்புளிப்புக் கிருமியை அடக்க ஹொப்ஸ் இருப்பதால் பியர் மாதக்கணக்கில் நிற்கும். கள்ளுக்கு அந்தக் காவல் இல்லை. காலை முட்டி பின்னேரம் புளிக்கும்.

"அப்ப இஞ்ச நட்டால் என்ன?" என்றான் மருமகன். அந்தக் கொடி ஒழுங்காகப் பூக்கக் கோடையில் நீண்ட பகல் வேணும். வன்னியில் வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணித்தியாலம். வேலிக்கு அழகாகப் படரலாம், அவ்வளவுதான்.

முடிவாகச் சொன்னது: 60 நிமிடத்துக்கு மக்னம் 20 கிராம், அடுப்பணைத்த பிறகு கஸ்கேட் 50. மிச்ச ஹொப்ஸைக் காற்றுப் புகாமல் கட்டி உறைகுளிரில் வை. வரும்போது எனக்கு ரெண்டு போத்தல் கொண்டு வா, ஆனால் மண்ணிறப் போத்தலில். ஹொப்ஸின் கசப்பில் வெயில் பட்டால் பியர் நாறும். மாங்குளத்தில் பஸ் மாறுகிற நேரமே காணும்.