டிரெய்லரையும் படகையும் வாடகை இடத்தில் விட்ட 14 மாதங்கள்

ஊர் அலுவலகத்திலிருந்து வந்து கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸில் ஒரு விஷயம்தான் இருந்தது. வீட்டின் முகப்புக் கோட்டுக்கு முன்னால் டிரெய்லரும் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) படகும் நிற்கின்றன, 10 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். பதற்றத்தில் அன்று மாலையே இணையத்தில் தேடி, படகும் ஆர்வி எனப்படும் இதுபோன்ற தங்கும் வண்டிகளும் விடும் ஒரு வாடகை நிறுத்துமிடத்தில் இரண்டுக்கும் இடம் பிடித்தோம். இப்போது டிரெய்லர் மட்டும்தான் அங்கே நிற்கிறது. அமெரிக்காவில் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேடும் இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகை இடங்களில் பார்க்க வேண்டியவை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடங்கள் நேராக இல்லாமல் சாய்வாகக் கோடு போட்டிருக்கிறார்கள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறுபவர்களுக்கு இது பெரிய வரம். என் கணவர் முதல் நாளே இரண்டாவது முயற்சியில் உள்ளே விட்டார். நான் பின்னால் நின்று கை காட்டினேன். கேட்டுக்கு ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு, யார் எப்போது வந்தார்கள் என்பது பதிவாகும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யத் தனி இடம், குடிநீர்க் குழாய், டயருக்குக் காற்று, மூன்றும் வாடகையிலேயே அடக்கம். பயணம் முடிந்து வரும்போது கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்து அளவு. நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். டிரெய்லர் வாங்கிய தாளில் 24 அடி என்று இருந்தது. அதை நம்பி 25 அடி இடம் எடுத்தோம். மறுநாளே போன் வந்தது, உங்கள் வண்டியின் மூக்கு பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று. போய் டேப் பிடித்தோம். முன்னால் காரில் மாட்டும் கப்ளரின் நுனியிலிருந்து பின் பம்பரில் தொங்கும் ஸ்டெப்னி டயர் வரை 27 அடி 8 அங்குலம். விற்பவர் சொல்லும் நீளம் பல நேரம் பெட்டியின் நீளம் மட்டும்தான், இழுக்கும் கம்பி அதில் சேராது. வாடகை இடமோ கம்பியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கும். 30 அடி இடத்துக்கு மாறினோம்.

அகலத்திலும் ஒரு சங்கடம். எங்கள் டிரெய்லர் எட்டரை அடி அகலம், இடம் 12 அடி. பக்கத்துக்கு ஒன்றே முக்கால் அடிதான் மிஞ்சுகிறது. சுவரை வெளியே தள்ளி அறையைப் பெரிதாக்கும் பகுதியை அங்கே திறக்கவே முடியாது. அதைத் திறக்காமல் உள்ளே அலமாரிக்கு எட்ட முடியவில்லை. ஒரு வாரக்கடைசி நிதானமாகச் சுத்தம் செய்யலாம் என்று போய், கதவருகே நின்று பெருக்கிவிட்டுத் திரும்பினோம்.

கூரை உள்ள இடமா, திறந்தவெளியா என்று கேட்பார்கள். இங்கே கூரைக்கு வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிரெய்லரின் மேற்பகுதி ரப்பர் ஆயிற்றே, வெயில் அரித்துவிடுமே என்று கூரை உள்ள இடத்தையே எடுத்தோம். ஐந்து வாரம் கழித்துப் போய் விளக்கைப் போட்டால் எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரி 10.4 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஏறிய ஈய பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். கேஸ் கசிவைக் காட்டும் சிறு கருவி இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டு வாசலில் நின்றவரை மேலே இருந்த சோலார் தகடு அதை ஈடு செய்தது. நிழலில் அது என்ன செய்யும்? வண்டிக்குள் யாரும் இல்லாதபோது சிலிண்டரை மூடிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த பேட்டரி அதற்குப் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை, புதிது வாங்கினோம். இடம் நடத்துபவர்களின் குற்றம் இதில் எதுவும் இல்லை. ஆனால் கூரை இடத்தை வாடகைக்குக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எலி வராது என்று யாரும் உறுதி தர முடியாது. மின்சார ஒயர் உள்ளே போகும் ஓட்டையில் செம்புக் கம்பி வலையைத் திணித்து வைத்தோம், இதுவரை தொல்லை இல்லை. இன்னொன்று, ஒப்பந்தத்தைப் படியுங்கள். திருட்டு, ஆலங்கட்டி மழை, தீ எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நம் காப்பீடுதான் நமக்கு. கேமரா இருக்கிறதே என்று கப்ளர் பூட்டை வாங்காமல் விடாதீர்கள்.

சரி, படகு ஏன் வீடு திரும்பியது?

நோட்டீஸ் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் ஊர் அலுவலகத்துக்குப் போய் விதியையே கேட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாக ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் எங்கள் வீட்டை வரைந்தார். முன்சுவரை இரண்டு பக்கமும் மனையின் எல்லை வரை நீட்டினார். "இந்தக் கோட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். பக்கத்திலோ பின்னாலோ நிற்கலாம். எல்லையிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும், மண்ணில் நிற்காமல் ஜல்லியிலோ சிமெண்டிலோ நிற்க வேண்டும், 6 அடி வேலி மறைக்க வேண்டும். சாமான் ஏற்ற இறக்க 48 மணி நேரம் வாசலிலும் நிறுத்திக்கொள்ளலாம். வண்டிக்குள் ஆள் தங்கக் கூடாது, கழிவுக் குழாயை வீட்டோடு இணைக்கக் கூடாது. இவை எங்கள் ஊர் விதிகள். அடுத்த ஊரில் எண்கள் மாறும், ஏனென்றால் மனையில் எதை எங்கே வைக்கலாம் என்று விதி போடும் அதிகாரம் உள்ளூர் அமைப்புகளின் கையில் இருக்கிறது. ஒஹாயோவின் யூக்ளிட் கிராம வழக்கில் 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அன்று மாலை வீட்டின் பக்கவாட்டை அளந்தோம். சுவரிலிருந்து எல்லை வரை சரியாக 11 அடி. டிரெய்லர் எட்டரை, விட வேண்டிய இடைவெளி 3, கூட்டினால் பதினொன்றரை. அரை அடியில் போயிற்று. படகு டிரெய்லரோ ஆறரை அடிதான். வேலி ஏற்கெனவே இருந்தது. ஜல்லி கொட்டிப் பரப்ப ஒரு வாரக்கடைசி போதுமாக இருந்தது. மூன்று மாத வாடகை வீணாகக் கொடுத்திருக்கிறோம். இப்போது படகு கண் முன்னால் நிற்கிறது. வடிகால் அடைப்பானைக் கழற்றி, மழைநீர் பின்பக்கமாக இறங்கும்படி மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறோம். மகன் பள்ளி விட்டு வந்ததும் அதில் ஏறி உட்கார்ந்து தூண்டில் முடிச்சுப் போட்டுப் பழகுகிறான்.

வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும் குடியிருப்பில் வசிப்பவர்கள் அந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஊர் விதி அனுமதித்ததைக்கூடச் சங்கம் தடுக்கலாம்.

நோட்டீஸ் வந்தபோது யார் புகார் கொடுத்தார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது. டிரெய்லர் போன மறுநாள் காலை, பக்கத்து வீட்டு அக்கா காரை ரிவர்ஸ் எடுக்கும்போது நடைபாதையில் சைக்கிள் ஓட்டி வந்த சிறுமிக்காக நிறுத்தினார். எங்கள் டிரெய்லர் நின்றிருந்தால் அந்தக் குழந்தை அவர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு புகாரைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நிறுத்துமிடத்தின் மேல் எனக்குள்ள ஒரே பெரிய குறை நேரம். இரவு 9 மணிக்குக் கேட் மூடிவிடும். ஞாயிறு இரவு நெரிசலில் மாட்டிக்கொண்டு 9:20-க்கு வந்து நின்றிருக்கிறோம், எண்ணை அழுத்தினால் திறக்கவில்லை. அந்த 48 மணி நேரச் சலுகை தெரிந்திருந்ததால் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, திங்கள் மாலை கொண்டுபோய் விட்டோம்.

5-க்கு 4 கொடுக்கிறேன். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது திறந்தவெளியில், வரிசையின் கடைசி இடத்தைக் கேட்டிருக்கிறோம். அங்கே ஒரு பக்கம் காலியாக இருக்கும், தள்ளும் அறையைத் திறக்கலாம், சோலார் தகட்டுக்கும் வெயில் படும். கூரை இடத்தை விடுவதால் மிச்சமாகும் பணத்தில் மேலே போர்த்தக் காற்றோட்டமுள்ள உறை வாங்கலாமா என்று யோசித்தோம். தகட்டை அது மறைத்துவிடும் என்று மகன்தான் சொன்னான். அதனால் உறை வேண்டாம், ஆண்டுக்கு இரண்டு முறை மேலே ஏறி டிரெய்லர் கூரையின் இணைப்புகளைப் பார்த்துப் பசை பூசிக்கொள்வதாக முடிவு.