ஈகோ சர்ச் விருதுத் திட்டம்: பதக்கத்தைவிட வினாத்தாள் மேல்

ஏ ரோஷா என்னும் கிறிஸ்தவ இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பிரித்தானியக் கிளை, இங்கிலாந்து, வேல்ஸ் திருச்சபைகளுக்காக 2016 முதல் நடத்திவரும் ஈகோ சர்ச், பெயருக்கு விருதுத் திட்டம்; நடைமுறையில் அது ஆலயக் குழுவினர் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்வதற்கான வினாத்தாள். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் அந்த வினாத்தாள், வழிபாடும் போதனையும், கட்டடங்கள், நிலம், சமூகப் பணி, வாழ்க்கைமுறை என ஐந்து பகுதிகளில் கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் இடுகிறது. வெண்கலமோ வெள்ளியோ தங்கமோ, பொருந்தும் பகுதிகள் அனைத்திலும் அந்தத் தரத்தை எட்டினால்தான் விருது கிடைக்கும். கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்திவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்துக்கொண்டிருக்கும் சபைக்கு இங்கே தப்ப வழியில்லை. திட்டத்தின் ஆகச் சிறந்த அம்சம் இந்த ஒரு விதிதான்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது நிலம் பற்றிய பகுதி. அந்நாட்டின் பழைய கல்லறைத் தோட்டங்கள் பல, தலைமுறை தலைமுறையாக உழவும் உரமும் காணாத புல்வெளிகள்; பிரித்தானியாவில் அறியப்பட்ட ஏறத்தாழ 2000 லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து கல்லிலும் மரத்திலும் படரும் உயிர்) இனங்களில் 700க்கும் மேற்பட்டவை இத்தகைய தோட்டங்களில் பதிவாகியுள்ளன. ஆகவே, இங்கே அவசரப்பட்டு மரம் நடுவது தொண்டாகாது. காட்டுப்பூக்கள் பூத்து விதை உதிர்க்கும்வரை பொறுத்திருந்து, கோடையின் பிற்பகுதியில் புல்லை வெட்டி, வெட்டியதை அள்ளி அகற்றவும் வேண்டும். இல்லையேல் அது மக்கி மண்ணுக்கு உரமாகி, முரட்டுப் புற்கள் பூஞ்செடிகளை நெருக்கி அழித்துவிடும். லைக்கன் படர்ந்த கல்லறைக் கற்களைச் சுரண்டாமல் விடுவதும் பராமரிப்புதான் (அடக்கம் செய்யப்பட்டவரின் குடும்பத்தாருக்கு இதை எடுத்துச் சொல்லத் தனிப் பக்குவம் வேண்டும்).

குறை என்று பார்த்தால், வினாக்கள் பெரும்பாலும் செய்த செயல்களையே எண்ணுகின்றன. மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பது தங்க விருதுக்குத்தான். மற்ற நிலைகளில் சபை சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். புல்வெட்டு முறையை மாற்றியபின் பூக்களும் வண்டுகளும் கூடினவா என்று அறிய, 2021 முதல் ஜூன் மாதந்தோறும் ஆலய வளாகங்களில் நடைபெறும் உயிரினக் கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் பங்கேற்பது நல்லது. அந்தப் பதிவுகள் இல்லாமல் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் விண்ணப்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொந்த நிலம் இல்லாத சபைகள் நிலப் பகுதியை விட்டுவிடலாம். அதற்காக விருது மறுக்கப்படாது. ஸ்காட்லாந்துச் சபைகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது.